மருதாணி வேலியும் சுவரில் எழுதிய பெயரும்

பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு முன்னால் செடி வைத்து மறைக்கலாம் என்று முதலில் சொன்னது என் மனைவி. ஊரில் சிலர் அதை என் யோசனை என்று நினைக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் ஒரு குறை இருப்பதே தெரியாது. தெரியாமல் எப்படி இருந்தேன் என்று இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு.

எங்கள் ஊர் சோமனூருக்குப் பக்கம். எட்டாவது வரை உள்ள பள்ளிக்கூடம். நான் அங்கே ஐந்தாவது வரை படித்துவிட்டுத் தறிக்குப் போனேன். இப்போதும் தறிதான் ஓட்டுகிறேன். மகள் ஆறாவது போன வருடம் அவளுக்கு அடுத்தடுத்து மூன்று முறை காய்ச்சல் வந்தது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போகிறாயா என்பதுதான். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

பிறகு மனைவி சொல்லித்தான் தெரிந்தது. காலை எட்டரைக்கு வீட்டை விட்டுப் போகிற பெண், மாலை நாலரைக்குத் திரும்பி வந்துதான் போகிறாள். அதற்காகப் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. நாங்கள் நிறைத்துக் கொடுத்த பாட்டிலை வரும் வழியில் ஒரு வேப்பமரத்தடியில் கவிழ்த்துவிட்டு, காலிப் பாட்டிலோடு வீட்டுக்கு வருவாள். அவள் மட்டுமில்லை, ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். அந்த வேப்பமரத்தடி எப்போதும் ஈரமாக இருக்கும். நான் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாமல் இல்லை. டைல்ஸ் ஒட்டிய நல்ல கழிப்பறை. தண்ணீரும் வரும். ஆனால் இரண்டு கதவுகளும் ரோட்டைப் பார்த்து இருந்தன. பள்ளிக்கூடத்துக்கு மற்ற மூன்று பக்கமும் சுவர். ரோட்டுப் பக்கம் மட்டும் கம்பி வேலி. ரோட்டுக்கு எதிரில் பேக்கரி. காலை முதல் இரவு வரை பத்துப் பேர் கையில் டீ கிளாசோடு நிற்கிற இடம். ஷிப்ட் முடிந்தவர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள், வேலை இல்லாதவர்கள். நிற்பவர்களின் முகம் இயல்பாகவே எதிர்ப்பக்கம்தான் இருக்கும். அவர்களில் நானும் ஒருவன். நாலு வருடமாக வடையைக் கடித்துக்கொண்டு அந்தக் கதவுகளைப் பார்த்து நின்றிருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே போகிற பெண்ணுக்கு என் எண்ணம் எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிவது பத்து முகங்கள்.

கதவை ஏன் ரோட்டைப் பார்த்து வைத்தார்கள் என்று அதைக் கட்டிய கொத்தனாரிடமே கேட்டேன். கட்டிக் கொடுத்தவர் பேர் ரோட்டுக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னார்களாம். பேர் எழுதும் பக்கம்தானே முன்பக்கம். முன்பக்கம்தானே கதவு வரும் என்றார். அந்தக் கழிப்பறையைக் கட்டிக் கொடுத்தவர் ஊரில் நிறையத் தறிக்குடோன்கள் வைத்திருக்கும் ஒரு பெரியவர். நான் வேலை செய்வது அவரிடம் இல்லை. தானம் செய்கிற மனசு உள்ளவர் என்பதை நான் மறுக்கவில்லை. பஸ் நிறுத்தத்து இரும்பு பெஞ்சில் அவர் பெயர் இருக்கிறது. சத்துணவுத் தட்டுகளின் நடுவில் கூட வெட்டியிருக்கிறது. பிள்ளைகள் சோற்றைத் தின்று முடித்தால் அவர் பெயர் தெரியும். கழிப்பறைச் சுவரில் அது ஒரு முழ உயர எழுத்தில், நீலப் பெயிண்டில், இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருந்தது.

மனைவி தலைமை டீச்சரிடம் போய்க் கேட்டாள். சுற்றுச்சுவர் வரும், எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார் டீச்சர். அதுவரை ஒரு தட்டி கட்டலாமா என்று கேட்டதற்கு, தட்டி கட்டினால் அசிங்கமாக இருக்கும், அடிக்கடி பள்ளியைப் போட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டியிருக்கிறது என்றாராம். அந்தச் சொல்லை மனைவி வீட்டில் வந்து சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அசிங்கம் எது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"செடி வச்சா அசிங்கமில்லையல்லங்க? எங்கூட்ல குளிக்கற எடத்துக்குச் செவுரே கெடையாது, மருதாணி வேலிதான். நான் கல்யாணம் ஆகி வார வரைக்கும் அதுக்குள்ளதான் குளிச்சேன்" என்றாள் மனைவி.

அவள் பிறந்த ஊர் அன்னூர்ப் பக்கம். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அந்த வேலியிலிருந்து குச்சிகளை வெட்டி, நனைத்த சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். நான் பேசாமல் மடியில் வைத்துக்கொண்டேன். என் பேண்ட் முழுக்க நனைந்துவிட்டது.

அந்த முதல் குச்சிகள் எல்லாம் என்னால் செத்தன. பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் வெட்டி, கவரில் மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்து போட்டு நட்டேன். பதினைந்து நாளில் பச்சைப் பச்சையாகத் துளிர் வந்தது. வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்க ஒன்றைப் பிடுங்கினேன். வேர் இல்லை. திரும்ப நட்டேன். அடுத்த நாள் இன்னொன்று. இப்படித் தினம் ஷிப்ட் முடிந்து வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். தறிக்காரன் புத்தி, நூல் அறுந்திருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தே பழக்கம். மருதாணிக் குச்சி தன்னிடம் இருக்கிற ஈரத்தை வைத்து முதலில் இலையைத்தான் விடும். வேர் பிறகுதான். அந்த இடைவெளியில் அதை அசைக்கக் கூடாது. ஒரு மாதத்தில் துளிர்கள் கருகிக் குச்சிகள் சுள்ளிகளாகிவிட்டன.

ஆவணியில் மறுபடி போய் வெட்டிவந்தேன். இந்தத் தடவை அடிப்பக்கத்தைக் கணுவுக்குக் கீழே நேராகவும், தண்ணீர் நிற்காமல் இருக்க மேல்பக்கத்தைச் சாய்வாகவும் வெட்டினேன். சாய்வான முனையில் சாணி வைத்து மூடினேன். கீழே இருந்த இலைகளை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, எங்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். பூவாளியால் மட்டும் தண்ணீர். மகள் ஒரு அட்டையில் "தொடாதே" என்று எழுதிக் கவர்களுக்கு நடுவே செருகிவைத்தாள். அது எனக்கு எழுதியது. கவரின் அடித்துளை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்த அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நூற்று நாற்பது செடிகள் தேறின.

கார்த்திகை மழையில் கம்பி வேலியை ஒட்டி இரண்டு வரிசையாக, இடம் மாற்றி மாற்றி, ஒரு அடிக்கு ஒன்றாக நட்டேன். டீச்சரிடம் அனுமதி கேட்டது மனைவிதான். நான் மாதிரிக்கு ஒரு செடியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். செடி என்றதும் டீச்சருக்குச் சந்தோஷம். தண்ணீர் மட்டும் நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள் என்றார். ஊற்றினேன். காலையில் பள்ளி திறப்பதற்கு முன்னால் போய்விடுவேன். சித்திரை வெயிலில் ஒரு நாள் கூட விடவில்லை. நுனியைக் கிள்ளக் கிள்ளத்தான் மருதாணி பக்கவாட்டில் அடர்த்தியாக வரும். அதையும் செய்தேன். பள்ளிக்கூடம் திறந்தபோது இடுப்பு உயரம். அடுத்த ஐப்பசியில் என் தலைக்கு மேல் போய்விட்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் கதவும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை.

ஏழாவது படித்த மகள் அந்த மழைக்காலத்தில் ஒரு நாளும் காய்ச்சலில் படுக்கவில்லை. இடைவேளையில் எல்லாப் பெண்களும் கும்பலாகப் போகிறார்களாம், போகிறபோது இலையையும் உருவிக்கொள்கிறார்களாம். டீச்சர் அதற்குத் திட்டுகிறார் என்று மகள் சொன்னாள். உருவட்டும், நல்லதுதான் என்றேன். ஊரில் பாதிப் பெண்பிள்ளைகளின் விரல்கள் சிவப்பாக இருந்தன.

மாசியில் பள்ளிக்குக் குடிதண்ணீர் மிஷின் ஒன்று கொடுப்பதாகப் பெரியவர் சொல்லியிருந்தார். அதைத் திறந்துவைக்க ஒரு திங்கட்கிழமை குறித்திருந்தார்கள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல நான் தண்ணீர் ஊற்றப் போனேன். வேலி என் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. செடி வெட்டுகிற மிஷின் வைத்து வெட்டியிருக்கிறார்கள். மேல்பக்கம் மேஜை போலத் தட்டையாக இருந்தது. கம்பிக்கு ஓரமாகக் கிளைகள் குவியலாகக் கிடந்தன. எதிரில் இரண்டு கதவுகள், நடுவில் நீலப் பெயர். பேக்கரியில் ஐந்தாறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நான் தெரிந்தேன், எனக்கு அவர்கள் தெரிந்தார்கள்.

தலைமை டீச்சர் விழா வேலைக்காக வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயா வந்து பாத்தாருங்க. பேரே தெரியலைன்னு வருத்தப்பட்டாரு. அதான் ஆள் விட்டு வெட்டச் சொன்னோம். இப்பத்தான் பார்க் மாதிரி அழகா இருக்குதுங்க."

அதைக் கேட்டுக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். பெண்பிள்ளைகள் சிறுநீரை அடக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். அவரும் ஒரு பெண். ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை, வகுப்பறைக்குப் பின்னால், ஒருவரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது. நான் குவியலைக் காட்டி, இதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டேன். குப்பைதானே, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நாலு நடை நடந்து எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, இலை வாடுவதற்குள் அன்றைக்கே குச்சிகளாக வெட்டினேன். மனைவி சாணி வைத்தாள். கை வேலையில் இருந்தாலும் வாய் ஓயவில்லை அவளுக்கு. அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் போனேன்.

அங்கே நடந்ததை எப்படிச் சொல்வது? என்னைத் திட்டி அனுப்பியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். அவர் வாசலுக்கே வந்து, "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று அழைத்தார். சோபாவில் உட்காரச் சொன்னார். சாப்பிட்டாயிற்றா, தறி ஒழுங்காக ஓடுகிறதா, பிள்ளைகள் எத்தனை, எல்லாம் விசாரித்தார். காப்பி வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"பள்ளிக்கூடத்துல மருதாணி வச்சது நீங்கதானாமா? டீச்சர் சொன்னாங்க. கை ராசி தம்பி உங்குளுக்கு. நம்மூட்டு வாசல்லயும் அதே மாதிரி ஒரு வரிசை வச்சுக் குடுத்துருங்க. இங்க நல்லா ஒசரமா வரோணுங்க, ரோட்டுல போறவங்க எல்லாம் ஊட்டுக்குள்ளாறயே பாக்கறாங்க."

அவர் வீட்டுக்குள்ளே ரோட்டுக்காரர்கள் பார்ப்பது அவருக்குத் தெரிகிறது. அது அவருக்குக் கஷ்டமாகவும் இருக்கிறது. காப்பியைக் குடித்து முடித்து, சரிங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள், "என்ன சொன்னாருங்க?"

காப்பி கொடுத்தார், அவர் வீட்டுக்கும் செடி கேட்கிறார் என்றேன்.

"காப்பிக்குச் சர்க்கரை அளவாப் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மகளுக்கு மறுபடியும் எரிச்சல் ஆரம்பித்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பெற்றோர்தான் அதில் நிறைய, அதிலும் பெரும்பாலும் அம்மாக்கள். என் மனைவியும் ஒரு உறுப்பினர். தண்ணீர் மிஷினுக்கு நன்றி சொல்லப் பெரியவரையும் அழைத்திருந்தார்கள். நான் உறுப்பினர் இல்லை. மனைவியைக் கொண்டுபோய் விடுகிற சாக்கில் வகுப்பறைக் கதவோரம் நின்றுகொண்டேன். சால்வை போட்டார்கள், கை தட்டினார்கள். பிறகு மனைவி எழுந்து வேலியைப் பற்றிக் கேட்டாள். செடியை அளவாக வளர்ப்போம், பெயருக்குக் கீழே நிறுத்திக்கொள்ளலாம் என்றார் டீச்சர். பெயருக்குக் கீழே என்றால் ஒரு பெண்ணின் இடுப்பு வரைக்கும் கூட வராதே என்று மனைவி சொன்னாள். அதற்குப் பெரியவர் கோபப்படவில்லை. பொறுமையாகப் பேசினார்.

"அம்மணி, நான் பேருக்காகச் செய்யறவன் இல்லீங்க. அந்தப் பேர பேக்கரில நிக்கற நாலு பேரு பாத்தா, நாமளும் பள்ளிக்கூடத்துக்கு எதாச்சும் செய்யோணும்னு ஒரு நெனப்பு வருமல்லங்க. அதுக்காகத்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் குரல் வெளியே வந்தபோது அது என் குரல் மாதிரியே இல்லை.

"ஏனுங்க, நான் அந்த பேக்கரில நிக்கறவனுங்க. நாலு வருசமா நிக்கறேன். உங்க பேரை ஒரு நாளும் படிச்சதில்லீங்க. கதவு தொறந்தா யாரு உள்ள போறாங்கன்னு பாப்பேன். சாத்துனா யாரு வெளிய வருவாங்கன்னு பாத்துட்டு நிப்பேன். என்ர புள்ளையும் அதுல போயிருக்கும். அங்க நிக்கற எல்லாரும் அதத்தானுங்க பாக்கறோம்."

அவ்வளவுதான் சொன்னேன். வகுப்பறையில் இருபது பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கண்களை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மகளின் தோழிகளுடைய அம்மாக்கள் அவர்கள். என்னை ஒரு மாதிரியாக நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். ஓர் அம்மா மெதுவாகத் தன் மடியைப் பார்த்துக்கொண்டே, "எங்கூட்டுக்காரரும் அங்கதான் நிக்கறாரு" என்றார். இன்னொருவர், தன் மகள் வயசுக்கு வந்ததிலிருந்து மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கே போவதில்லை என்றார். அதற்குப் பிறகு டீச்சர் எவ்வளவோ சொல்லியும் பேச்சு நிற்கவில்லை.

பெரியவர் சால்வையை மடித்து மடித்துச் சின்னதாக ஆக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யோசிக்கவில்லை என்றார். பெயரை வேண்டுமானால் பள்ளி வாசல் தூணுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். எத்தனை பெரிசாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் என் மனைவி. இப்போது வாசல் தூண் இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறது. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை, தவறாகப் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அவரும் இல்லை, டீச்சரும் இல்லை. நானும்தான் சொல்லவில்லை.

செடி வளர்வதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை பொறுக்க அம்மாக்கள் தயாராக இல்லை. அதே வாரம் தறிகளில் கழித்துப் போட்ட காடா துணியைக் கொண்டுவந்து கம்பி வேலி முழுக்க ஆள் உயரத்துக்குக் கட்டினார்கள். வெள்ளையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம். எண்ணெய்க் கறை வேறு. ஆபீசர் வந்தால் என்ன சொல்வது என்று டீச்சர் கேட்டதற்கு, ஆபீசரை எதிரில் பேக்கரியில் நின்று ஒரு டீ குடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் அவரே கட்டச் சொல்லுவார் என்று ஒரு அம்மா சொன்னாராம். தட்டி கட்டக் கூடாது என்றவர்கள் துணிக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. இதை ஒன்றரை வருடத்துக்கு முன்னால் செய்திருக்கலாம்.

பேக்கரியில் எனக்குப் புதுப் பேர் வந்துவிட்டது. என்னோடு அதே இடத்தில், அதே பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர்தான் வைத்தார்.

"வாங்க, கதவு பாக்கறவரே. இனி உங்குளுக்குப் பொழுது போறதே கஷ்டமாச்சுங்களே."

நாலு பேர் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். திருப்பிச் சொல்ல வேண்டிய பதில்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்தன. அவர்களில் இரண்டு பேருக்கு அந்தப் பள்ளியில் பெண்கள் படிக்கிறார்கள். அவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

மாசியில் வெட்டிய கிளைகளிலிருந்து முந்நூறு குச்சி வைத்தேன், பாதிக்கு மேல் பிழைத்தன. ஆடியில் மூன்றாவது வரிசையாக நட்டேன். பெரியவர் வீட்டுக்கும் ஒரு வரிசை கேட்டிருந்தாரே, அதற்கு நான் இன்னும் போகவில்லை. ஆள் விட்டுக் கேட்டார். பள்ளிக்கூடத்து வேலி ஆள் உயரம் வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மகள் இப்போது எட்டாவது. பழைய வரிசைகள் என் தோள் வரைக்கும் வந்துவிட்டன. துணி இன்னும் இருக்கிறது. போன வாரம் ஷிப்ட் முடிய நேரமாகி, தண்ணீர் ஊற்றப் போனபோது முதல் இடைவேளை மணி அடித்துவிட்டது. குழாயில் பக்கெட் பாதி நிறைந்திருந்தது. வகுப்பறைகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி மற்றொருத்தியைப் பிடித்துத் தள்ள, முதலில் யார் போவது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். என் மகளும் அதில் இருந்தாள். என்னைக் கண்டதும் கூட்டம் சட்டென்று நின்றது.

நான் குழாயை மூடிவிட்டு, அவர்கள் பக்கம் பார்க்காமல் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். பின்னால் மறுபடியும் சத்தம் ஆரம்பித்தது. அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் நான் உள்ளே போகவில்லை.